பழைய ஃபியூஸ், அதில் பொறித்த எண்கள்: வாங்கலாமா?

கேள்வி: லண்டனில் வேலை செய்கிறேன். கென்ட் பக்கம் ஒரு பழம்பொருள் சந்தையில் கூம்பு வடிவில் கனமான ஒரு ஃபியூஸ் (பீரங்கிக் குண்டின் முனையில் பொருத்தி அதை வெடிக்கவைக்கும் கருவி) பார்த்தேன். அதில் "80", ஒரு ரோமன் எண், சில ஆங்கில எழுத்துகள், "8/16", கோழிக்கால் போல மூன்று கோடு. கூடவே "36எம்" என்று பொறித்த திருகுமூடி ஒன்று. இரண்டும் முதல் உலகப்போரில் பிரான்சில் நடந்த 1916 சோம் போரில் கிடைத்தவை, அரிதானவை என்று கடைக்காரர் 90 பவுண்டு கேட்கிறார். ஊரில் இருக்கும் அண்ணனுக்குக் கொண்டுபோக ஆசை. நம்பி வாங்கலாமா?

பதில்: ஃபியூஸைப் பற்றி அவர் சொல்வது பொருந்தி வருகிறது. மூடி விஷயத்தில் இடிக்கிறது.

கோழிக்கால் கோடு பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதைக் காட்டும் அம்புக்குறி. இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டால், படையிலிருந்து கழித்து விற்கப்பட்டது என்று பொருள். "80" அந்த வகையின் எண். 18 பவுண்டர் என்ற பிரிட்டிஷ் பீரங்கியின் ஷ்ராப்னல் குண்டுக்கான (வானில் வெடித்து உள்ளிருக்கும் சிறு உருண்டைகளைச் சிதறடிப்பது), நேரம் வைத்து வெடிக்கும் ஃபியூஸ் அது. கீழ் வளையத்தில் 0 முதல் 22 வரை அளவுகோடுகள் இருக்கும், பாருங்கள். ரோமன் எண், அது அந்த வடிவத்தின் எத்தனையாவது பதிப்பு என்பதைச் சொல்லும். எழுத்துகள் தயாரிப்பாளரின் சுருக்கம்: "ஆர்எல்" என்றால் வூல்விச் ராயல் லேபரட்டரி, "இஓசி" என்றால் எல்ஸ்விக் ஆர்ட்னன்ஸ் கம்பெனி. "8/16" பின்னம் அல்ல, 1916 ஆகஸ்ட். இந்த ஃபியூஸ் ஜெர்மனியின் ஆயுத நிறுவனமான க்ரூப்பின் வடிவமைப்பு. போருக்கு முன்பே பிரிட்டிஷ் ஆயுத நிறுவனமான விக்கர்ஸ் அதைச் செய்ய உரிமம் பெற்றிருந்தது. போர் முடிந்ததும் க்ரூப் அதற்குப் பணம் கேட்டு வழக்காடியது. போரின்போது ஏராளமாகச் செய்யப்பட்டதால், "அரிது" என்ற பேச்சுக்கு விலை கொடுக்காதீர்கள்.

திருகுமூடி, பிரிட்டிஷ் படையின் மில்ஸ் வகைக் கையெறிகுண்டின் அடிமூடி. சோமில் வீசப்பட்டது 5ஆம் எண் குண்டு. 36 அதற்குப் பிறகு வந்தது. ஆகவே "36எம்" மூடி 1916 சோமிலிருந்து வந்திருக்க முடியாது. அதிலேயே தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் இருக்கலாம், வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். இரண்டாம் உலகப்போர் ஆண்டாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. இன்னொன்று: இந்த மூடிகள் கழற்றி மாட்டக்கூடியவை. முழுக் குண்டு விற்பனைக்கு வந்தாலும், மூடியின் ஆண்டை வைத்து உடலின் வயதைச் சொல்லிவிட முடியாது.

விலையைவிட எனக்குக் கவலை வேறு. பொறிப்பு, அந்தப் பொருள் என்னவாகச் செய்யப்பட்டது என்று மட்டுமே சொல்லும். இன்று உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. 80ஆம் எண் ஃபியூஸின் வளையங்களுக்குள் கருமருந்து ஓடும் பள்ளம் உண்டு, அதைப் பற்றவைக்கும் கேப்பும் (தட்டினால் தீப்பொறி விடும் சிறு வெடிமூடி) உண்டு. நூறு வருடம் ஆனாலும் அது செத்துப்போனது என்று யாரும் வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்காதீர்கள். பிரித்துப் பார்த்துச் சோதிக்கவே கூடாது. உள்ளே காலி என்பதைக் கடைக்காரர் காட்டட்டும், பில்லில் "வெடிமருந்து இல்லாதது" என்று எழுதிக் கொடுக்கட்டும். குறுக்கே வெட்டித் திறந்து காட்டும் துண்டுகளும் விற்கிறார்கள். முதல்முறை வாங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். காட்டத் தயங்கினால் தொடாமல் விலகி வாருங்கள். பொருளே சந்தேகமாகத் தெரிந்தால் 999ஐ அழையுங்கள், போலீஸ் ராணுவ நிபுணர்களை வரவழைப்பார்கள்.

வாங்கினால் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மங்கினால் அடையாளமே போய்விடும். விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். காலிக் கூடானாலும் விமான நிலைய ஸ்கேனரில் அது குண்டாகத்தான் தெரியும். அண்ணனுக்குப் பொறிப்புகள் தெளிவாகத் தெரியும்படி படங்கள் எடுத்து அனுப்புங்கள்.