ரெக்கார்டை கடைசில எழுதிக்கலாமா?

கேள்வி: ப்ளஸ் டூ தமிழ் மீடியம் முடிச்சு பி.எஸ்சி பிசிக்ஸ் சேர்ந்திருக்கேன் சார். தியரி படிச்சா போதும், லேப் ரெக்கார்டை கடைசில மொத்தமா எழுதிக்கலாம்னு சீனியர் அக்கா சொல்றாங்க. சரியா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அக்கா பேச்சைக் கேட்டுடாதீங்கம்மா! ரெக்கார்டுல சார் கையெழுத்து இல்லன்னா பிராக்டிகல் எக்ஸாமுக்கே உள்ள விடமாட்டாங்க, முந்தின நாள் ராத்திரி உக்காந்து சீனியர் ரீடிங்கை காப்பி அடிச்சு எழுதினாலும் வைவால (வாய்மொழித் தேர்வுல) மாட்டிக்குவீங்க. ஒரு ஸ்கேலை எடை தொங்கவிட்டு வளைச்சு யங் குணகம் (பொருள் எவ்வளவு விறைப்புன்னு சொல்ற அளவு) கண்டுபிடிக்கிற எக்ஸ்பெரிமென்ட்டையே எடுத்துக்கோங்க, ஃபார்முலால ஸ்கேலோட தடிமன் மும்மடியா (கியூபா) வருது, அதனால தடிமன் அளக்கற ஸ்க்ரூ கேஜ்ல 1 சதவீதம் தப்பா அளந்தா விடைல சுமார் 3 சதவீதம் தப்பு வந்துடும். முதல்ல ஜீரோ எரர் (எதுவும் வைக்காதப்பவே கருவி காட்டற பிழை) பாத்தியான்னு எக்ஸாமினர் கேக்கறது இதுக்குத்தான், கையால அளந்து பாத்தவங்களுக்கு மட்டும்தான் பட்டுனு பதில் வரும்.

மார்க் விஷயம்: பல யுனிவர்சிட்டில தியரிக்கு இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. இன்டர்னல்ல டெஸ்ட், அசைன்மென்ட் எல்லாம் சேரும், லேட்டா குடுத்தா சில சார் வாங்கவே மாட்டாங்க (அது நியாயம்தான்னு நான் சொல்வேன்). அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேணும், கொஞ்சம் குறைஞ்சா மெடிக்கல் சர்டிஃபிகேட்டும் ஃபைனும் கட்டி சமாளிக்கலாம், ரொம்ப குறைஞ்சா அந்த செமஸ்டர் எழுத முடியாது.

தமிழ்ல எக்ஸாம் எழுதலாமான்னு டிபார்ட்மென்ட்ல இப்பவே கேட்டுடுங்க, நிறைய இடத்துல விடறாங்க.