கெட்டில் கிரில் வாங்குமுன் குனிந்து அடியைப் பாருங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் எங்கள் மொட்டை மாடியில் வைக்க, மூடி போட்ட கரி கிரில் வாங்கலாம் என்றிருக்கிறோம். வீட்டில் ஆறு பேர். நண்பர் வீட்டு கிரில்லில் கோழி பாதி வேகும்போதே கனல் மங்கிவிடுகிறது. மூடியைத் திறந்தால் சாம்பல் பறந்து கறியில் ஒட்டுகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அந்த இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான், அடியில் சேர்ந்த சாம்பல். நீங்கள் சொல்லும் இந்த உருண்டை மூடி கிரில்லை, அதாவது கெட்டில் கிரில்லை, எடுத்துக்கொண்டால், கீழ்த் துவாரம் காற்றை இழுக்கிறது, மூடியின் துவாரம் சூட்டையும் புகையையும் வெளியேற்றுகிறது. கீழ்வழி அடைத்தால் எவ்வளவு கரி போட்டாலும் கனல் நிற்காது. அதனால் நிறம், சக்கரம், பக்கத்துப் பலகை எல்லாவற்றுக்கும் முன்னால் குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். கீழ்த் துவாரத்தைத் திறந்து மூடும் கைப்பிடியை அசைத்தால், அதன் தகடுகள் சாம்பலைக் கீழே வழித்துத் தள்ள வேண்டும். அது விழுவதற்கு மூடிய வாளி இருக்க வேண்டும். திறந்த தட்டு மட்டும் உள்ள மாடல் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஆடிக் காற்றில் அந்தச் சாம்பல் மாடி முழுக்கப் பரவும்.

அடுத்து மூடி. கடையிலேயே செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். விளிம்பில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் வேண்டாம். துவாரத்தை மூடினாலும் காற்று அந்த வழியாகப் போகும், சூடு உங்கள் கைக்கு அடங்காது. உள்ளும் புறமும் எனாமல் பூச்சு இருக்கட்டும், சாதா பெயின்ட் சூட்டில் உரியும். ஆறு பேருக்கு 57 செ.மீ. விட்டம் சரி. 47 செ.மீ. போதும் என்று தோன்றும், ஆனால் ஒரு பாதியில் கரி, மறு பாதியில் கறி என்று பிரிக்க அதில் இடம் நெருக்கும்.

இனி கரி. இஸ்திரிக் கடைக்கு வரும் மூட்டைக் கரியே நன்றாக எரியும், சாம்பலும் குறைவு. தூளைச் சலித்துவிட்டுக் கோழிமுட்டை அளவுத் துண்டுகளை மட்டும் எடுங்கள். தூள் துண்டுகளின் இடைவெளியை அடைத்துக் காற்றைத் தடுக்கும். கொட்டாங்குச்சிக் கரி சூடு மிகுந்தது, ஆனால் சில்லுகள் கம்பிகளுக்கு நடுவே நழுவித் துவாரத்தை அடைக்கும். அதற்குக் கரித்தட்டின் மேல் பூச்சு இல்லாத இரும்பு வலை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். முலாம் பூசிய வலை வேண்டாம், அதிலுள்ள துத்தநாகம் சூட்டில் புகையும். அச்சில் அழுத்திய பிரிக்கெட் கரி சீராக நின்று எரியும், சாம்பலும் கூடுதலாகத் தரும்.

ஒன்றரை கிலோ எடையுள்ள, முதுகைப் பிளந்து விரித்த கோழிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ கரி போதும். புகைபோக்கி வடிவப் பற்றவைப்பானில் கரியை நிரப்பி, அடியில் செய்தித்தாள் வைத்துப் பற்றவையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் கறியில் வாடை ஏறும். 15 முதல் 20 நிமிடத்தில் மேல் துண்டுகளில் சாம்பல் பூக்கும். அப்போது கனலை ஒரு பக்கமாகக் கொட்டி, கோழியை மறுபக்கம் வைத்து, மூடித் துவாரம் கோழிக்கு நேர் மேலே வரும்படி மூடுங்கள். அப்படி வைத்தால்தான் சூடான காற்று கோழியைத் தொட்டுக்கொண்டு வெளியேறும்.

மேல் துவாரம் சமையல் முடியும்வரை முழுதாகத் திறந்தே இருக்கட்டும். அதை மூடினால் புகை உள்ளே தேங்கிக் கறி கசக்கும். சூட்டைக் கீழ்த் துவாரத்தால் மட்டும் மாற்றுங்கள்: பாதி திறந்தால் ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸ், கால் பங்கு திறந்தால் அதைவிட வெகு குறைவு. கிரில்லுக்குக் கிரில் இது மாறும், எனவே கைப்பிடி நிற்கும் இடங்களைக் குறிக்க, கிரில்லின் காலில் சாக்பீஸால் முழு, பாதி, கால் பங்கு என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாற்றம் செய்தால் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். உடனே சூடு இறங்கவில்லையே என்று மீண்டும் திருகுவதில்தான் பலருக்கும் கனல் அணைகிறது. மூடியை அடிக்கடி திறந்தால் காற்று பாய்ந்து கனல் சீறும், கறியைச் சுற்றிய சூடோ வெளியேறிவிடும். தொடையின் தடித்த பகுதியில் வெப்பமானி 74 டிகிரி காட்டினால் இறக்கலாம்.

நீண்ட சமையலில் முக்கால் மணிக்கு ஒருமுறை, மூடி போட்டபடியே, கைப்பிடியை மெதுவாக இரண்டு மூன்று முறை அசைத்துச் சாம்பலை இறக்கிவிட்டுப் பழைய கோட்டில் நிறுத்துங்கள். மூடியைத் திறந்துவைத்து வேகமாக ஆட்டினால்தான் நண்பர் வீட்டில் நடப்பது நடக்கும். காற்று பலமாக இருந்தால் தண்ணீர்த் தொட்டிச் சுவரின் மறைவில், சுவரை ஒட்டாமல் தள்ளி வையுங்கள்.

முடிந்ததும் மேலும் கீழும் மூடுங்கள். காற்றில்லாமல் கனல் அணையும், மிச்சக் கரி அடுத்த முறைக்கு ஆகும். தண்ணீர் ஊற்றாதீர்கள், எனாமல் வெடிக்கும், சாம்பல் ஆவியோடு முகத்தில் அடிக்கும். மழை தூறினாலும் சூடான கிரில்லை மாடிப்படி அறைக்குள் இழுத்துவிடாதீர்கள். அணைவதுபோல் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாடையே கிடையாது.

சாம்பலை 24 மணி நேரமாவது ஆறவிட்டு, மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளுங்கள். பிளாஸ்டிக் பையும் தெருக் குப்பைத் தொட்டியும் கூடாது. உள்ளே ஒரு பொறி இருந்தாலும் தீப்பிடிக்கும். உறை போட்டு மூடும் முன் சாம்பல் வாளி காலியாக இருக்க வேண்டும். ஈரம் பட்ட சாம்பல் இரும்பை அரிக்கும், காய்ந்தபின் தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்படி இறுகிவிட்டால் கைப்பிடியை வலிந்து திருகாமல், உலர்ந்த தூரிகையால் உள்பக்கம் சுரண்டிவிட்டு அசைத்துப் பாருங்கள்.