மாட்டுத் தொட்டிக்குத் தண்ணி நூல் மாதிரி வருகுது: மோட்டர் மாத்தலாமோ?

மோட்டரை மாத்தாதேங்கோ, தாங்கி நிரம்புதெண்டால் அதின்ர வேலை முடிஞ்சுது. முதல் சந்தேகம் தொட்டியிலிருக்கிற, நிரம்பினதும் தண்ணியைத் தானா மூடுற மிதவை வால்வில. 10 அடி உயரத்தில இருக்கிற தாங்கியிலிருந்து 150 மீற்றர் அரை இஞ்சிக் குழாயில வாற தண்ணிக்கு அழுத்தம் குறைவு. அதிக அழுத்தத்துக்கான வால்வ் எண்டால் உள் ஓட்டை 3 மில்லிமீற்றர் அளவுதான். அதில எங்கட கிணத்துச் சுண்ணாம்பும் படிஞ்சால் கேக்கவே வேண்டாம்.

வால்வைக் கழட்டிப்போட்டு வெறுங்குழாயில 10 லீற்றர் வாளியைப் பிடியுங்கோ. இரண்டு நிமிசத்துக்கு முன்பின் நிரம்பினால் குழாயில பிழையில்லை. பெரிய ஓட்டையுள்ள, குறைஞ்ச அழுத்த வால்வ் கேட்டு வாங்கிப் பூட்டுங்கோ. பழசு கறை பிடிச்சதுதான் எண்டால் வினாகிரியில ஊறவைச்சாலே போதும்.

வாளியும் நிரம்பாட்டில் காத்து அடைச்சிருக்கும். குழாய் மேடேறி இறங்கிற இடத்தில ஒரு ரீ (மூண்டு வாயுள்ள குழாய் இணைப்பு) பூட்டி, காத்துப் போகத் திறந்துவிடுங்கோ. அதுக்கும் சரிவராட்டில் ஒரு இஞ்சிக் குழாய்தான் வழி; விட்டம் இரண்டு மடங்கானால் தண்ணி ஏறத்தாழ ஆறு மடங்கு வரும். வெயிலுக்கு ஒரு கறவை மாடு 60 லீற்றருக்கு மேலயும் குடிக்கும், அதையும் கணக்கில எடுங்கோ.

ஒண்டு மட்டும்: குறைஞ்ச அழுத்த வால்வை மோட்டரிலிருந்து நேரா வாற லைனில பூட்ட வேண்டாம். மூடாமல் வழிஞ்சு தொட்டியடி சேறாகிப்போகும். மிதவைக்கு மேல மூடியும் போடுங்கோ, மாடு முட்டி முறிச்சுப்போடும்.