கனவில் வரவேண்டிய உத்தரவு

கேள்வி: இந்த விஞ்ஞான காலத்தில் மத நம்பிக்கையால் உண்மையிலேயே ஆபத்து உண்டா?

உண்டு. எங்கள் வீட்டுக்குள்ளேயே அதைப் பார்த்தவன் நான்.

என் சின்ன மாமா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். 1996-ல் அவருக்கு 24 வயது. திடீரென்று வேலைக்குப் போவது நின்றது. ராத்திரியெல்லாம் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். யாரோ தன்னைத் திட்டுவது காதில் விழுகிறது என்பார். சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார். மனச்சிதைவு நோய்க்கு இவையெல்லாம் பாடப்புத்தக அறிகுறிகள் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எங்கள் தெருவில் ஒருவர் வாயிலும் அந்த வார்த்தை வரவில்லை. செய்வினை என்றார்கள். காத்துக் கருப்பு அண்டியிருக்கு என்றார்கள்.

முதலில் கோடாங்கியிடம் போனோம். உடுக்கை அடித்து, வேப்பிலையால் அடித்து, அதற்கும் மாமா அடங்காததால் சாட்டையை எடுத்தார்கள். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினோம். பக்கத்து ஊர் ஜெபக்கூட்டத்துக்கும் கூட்டிப் போனோம். கடைசியில் யாரோ, "ஏர்வாடிக்குக் கொண்டு போங்க, அங்க எப்பேர்ப்பட்ட பேயும் நிக்காது" என்றார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் இருப்பது முஸ்லிம் தர்கா, நாங்கள் இந்துக்கள். ஆனால் பிள்ளை பிழைத்தால் போதும் என்றிருந்த அம்மாச்சிக்கு எந்தச் சாமி என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

1998 கோடை விடுமுறையில் அம்மாச்சியோடு நானும் மாமாவைப் பார்க்கப் போனேன். எனக்கு 10 வயது. தர்காவைச் சுற்றி, மனநலம் பாதித்தவர்களை வைத்துக்கொள்ளத் தனியார் நடத்திய ஓலைக் கொட்டகைகள் இருந்தன. மாதாமாதம் பணம் கட்டவேண்டும். பகலில் மரத்தில் கயிறு, ராத்திரி இரும்புச் சங்கிலி. மாமாவின் கணுக்காலில் வளையம் உரசி உரசிப் புண்ணாகியிருந்தது. அம்மாச்சி தன் பழைய சேலையைக் கிழித்து, வளையத்துக்கும் காலுக்கும் நடுவே விரலால் நுழைத்து நுழைத்துச் சுற்றினாள். அவள் சுற்றி முடிக்கும்வரை மாமா காலை அசைக்கவே இல்லை. என்னைப் பார்த்து, "ஊர்ல மழை பெஞ்சுச்சாடா?" என்று கேட்டார். நான் பயந்துபோய்ப் பதில் சொல்லவில்லை. இன்றுவரை அது எனக்கு வலிக்கிறது.

அங்கே வைத்தியம் என்பது தர்கா விளக்கின் எண்ணெயும் தீர்த்தமும்தான். குணமானதை யார் சொல்வது? கனவில் உத்தரவு வரவேண்டும். "நீ வீட்டுக்குப் போகலாம்" என்று நோயாளியின் கனவிலேயே வரவேண்டும். சிலருக்கு இரண்டு மாதத்தில் வரும், சிலருக்கு வருஷக்கணக்கில் வராது. அம்மாச்சி ஒவ்வொரு தடவையும் மாமாவிடம் "உத்தரவு வந்துச்சாப்பா?" என்று கேட்பாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். ராத்திரி கண்ணையே மூடாத மனுஷனுக்குக் கனவு எங்கிருந்து வரும்?

கேள்வி கேட்டவருக்கு என் பதில் அந்த உத்தரவில்தான் இருக்கிறது. டாக்டர் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை என்றால் மாத்திரையை மாற்றுவார். அதற்கும் கேட்கவில்லையென்றால் வேறு டாக்டரைப் பார்ப்போம், சண்டைகூடப் போடுவோம். உத்தரவு வரவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? பேய் பிடிவாதமானது, உங்கள் விரதத்தில் குறை, இன்னும் காலம் வரவில்லை என்பார்கள். பழி நோயாளி மேலேயோ தாய் மேலேயோ விழும், நம்பிக்கை மேல் விழாது. கோடாங்கியிடமும் ஜெபக்கூட்டத்திலும் எங்களுக்கு இதே பதில்தான் கிடைத்தது. ஐந்து வருஷம் அப்படித்தான் போனது.

எட்டு மாதத்துக்குமேல் பணம் கட்ட முடியாமல் மாமாவை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். வறுமைதான் அவர் உயிரைக் காப்பாற்றியதோ என்று இப்போதும் நினைப்பேன். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. மாமா இருந்த இடம் அல்ல, வேறொன்று. உள்ளே 40-க்கும் மேற்பட்டவர்கள். பலர் சங்கிலியில். 28 பேர் இறந்தார்கள். டிவியில் சாம்பலுக்கு நடுவே சங்கிலிகளைக் காட்டினார்கள். அம்மாச்சி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். "நான் சுத்துன துணிதான் மொதல்ல பத்தியிருக்கும்" என்றாள். வேறொன்றும் பேசவில்லை. அந்த வாரமே மாமாவை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு மதத்தைத் திட்ட ஆள் வருவார்கள். என் மாமாவைச் சாட்டையால் அடித்தது எங்கள் ஊர்க் கோடாங்கி, அதை மறந்துவிடாதீர்கள். 2023-ல் கென்யாவின் ஷகஹோலா காட்டில், பட்டினி கிடந்து செத்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று ஒரு போதகர் சொன்னதைக் கேட்டவர்களின் உடல்களை 400-க்கு மேல் தோண்டி எடுத்தார்கள். அதில் பல குழந்தைகள். பிள்ளை பசியில் துவளுவதைக் கண்ணால் பார்த்தும் பெற்றவர்களுக்கு அது ஆபத்தாகத் தோன்றவில்லை, சொர்க்கம் பக்கத்தில் வருகிறது என்றே பட்டிருக்கிறது. எங்கள் அம்மாச்சியும் மாமா மெலிய மெலியப் "பேய் எறங்குது" என்றுதான் நம்பினாள்.

அரசாங்கத்தையும் விடமாட்டேன். உரிமம் இல்லாமல் மனநலக் காப்பகம் நடத்தக்கூடாது என்று 1987-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுக்கு என்று இருந்த அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் ஒன்றுதான். தீ விபத்துக்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது என்று 2017 சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஏர்வாடியிலேயே துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் கொடுக்கும் திட்டமும் பின்னாளில் வந்தது. அது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். எங்கள் ஜனங்களைச் சாமியிடமிருந்து பிரித்துவிட்டு மருத்துவத்துக்குக் கொண்டுவர முடியாது.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை வருஷமா இப்படி இருக்காரு?" அஞ்சு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அம்மாச்சி அழ ஆரம்பித்தாள். "கோயிலுக்குப் போறதைப் போங்கம்மா, மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க" என்றார். இரண்டு மாதத்தில் மாமா தூங்கினார். அந்தத் திட்டும் குரல்கள் மெல்ல அடங்கின. ஆனால் இந்த நோய்க்குச் சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகும். அவர் திரும்ப லேத்தில் நிற்கவே முடியவில்லை. கல்யாணமும் ஆகவில்லை. இப்போது எங்களோடுதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு நான்தான் வண்டியில் கூட்டிப் போகிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது ராத்திரி தூங்காமல் தனியாகப் பேசிக்கொண்டிருந்தால், 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் எண், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கையில் கட்டிய தாயத்து அப்படியே இருக்கட்டும்.