மரச் சன்னலா, பிளாஸ்டிக் சன்னலா? கடலோர வீட்டாரின் கேள்விகளும் பதில்களும்

மண்டபத்திலிருந்து ஒருவர்: ஐயா, மரம் வெட்டப்படக் கூடாது என்பதற்காகவே பிளாஸ்டிக் சன்னல் வைக்க எண்ணுகிறேன். இது சரிதானே?

உங்கள் நோக்கம் உயர்ந்தது. ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. வளரும் மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டுதான் பருக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன் என்பதால், 20 கிலோ எடையுள்ள ஒரு மரச் சன்னல் சட்டம், அது மட்காமலும் எரியாமலும் இருக்கும் காலம் முழுவதும், சுமார் 36 கிலோ கரியமில வாயு (கார்பனோடு ஆக்சிஜனின் எடையும் சேர்வதால் இவ்வளவு) காற்றில் கலக்காமல் தடுத்து வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் சன்னல்கள் செய்யப்படும் யுபிவிசி என்னும் கடினப் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான பிவிசியோ, பெட்ரோலியத்திலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ வரும் எத்திலீனையும், உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திப் பிரிக்கும் குளோரினையும் கொண்டு செய்யப்படுவது. அதன் எடையில் 57 விழுக்காடு குளோரின். இருப்பினும், வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்க்கப்பட்டால்தான் மரத்துக்கு இந்தப் பெருமை உண்டு. காட்டை அழித்துக் கொண்டுவரும் தேக்கை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பாம்பனிலிருந்து ஒருவர்: உப்புக் காற்றை மரம் தாங்குமா?

உப்பை விட, தேங்கும் மழைநீரே மரத்துக்குப் பெரிய பகை. சட்டத்தின் அடிக்கட்டையை வெளிப்புறம் சரிவாக இழைக்கச் சொல்லுங்கள். மரத்தின் வெட்டுமுனைகளைப் பொருத்துவதற்கு முன்பே எண்ணெயோ பெயின்டோ பூசி அடைத்துவிடுங்கள். இரும்பு ஆணிக்குப் பதிலாகப் பித்தளைத் திருகுகளைப் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் சட்டம் அரிக்காது என்பது உண்மையே. ஆனால் அதன் உள்ளே வலுவூட்ட வைக்கும் எஃகும் கீல்களும் துருப்பிடிக்கலாம். மரத்தில் கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, ஊர்த் தச்சரே வேறு கட்டை இணைத்துவிடலாம். வெடித்துப்போன பிளாஸ்டிக் சட்டத்தைப் பெரும்பாலும் முழுவதுமாக மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

கீழக்கரையிலிருந்து ஒருவர்: எந்த மரத்தை வாங்கலாம்?

முதலில் பழைய மரத்தைத் தேடுங்கள். உங்கள் ஊரிலும் காரைக்குடிப் பக்கத்திலும் இடிக்கப்படும் வீடுகளின் நிலைகளும் உத்திரங்களும் நன்கு உலர்ந்த முதிர்ந்த கட்டைகள். அவற்றுக்காகப் புதிதாக ஒரு மரமும் விழ வேண்டியதில்லை. அடுத்தது வேம்பும் பூவரசும். நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் விறகாகவும் கரியாகவும் எரிந்துபோகும் சீமைக் கருவேலம் உறுதியானது, உலரும்போது அதிகம் சுருங்காதது. நேரான, பருத்த அடிமரம் கிடைப்பதுதான் அரிது என்றாலும், சிறிய சன்னல்களுக்கு அதை முயன்று பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். பனையை இதற்காக வெட்டாதீர்கள். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அரசு 2021இல் அறிவித்தது.

தொண்டியிலிருந்து ஒருவர்: ஏற்கெனவே பிளாஸ்டிக் சன்னல் வைத்துவிட்டேன். கழற்றிவிடவா?

வேண்டாம். செய்து முடித்த பொருளை முழு ஆயுளுக்கும் பயன்படுத்துவதே நல்லது. பின்னாளில் கழற்றினால், துண்டுகளைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள். பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின்கள் ஆகிய நச்சுப் பொருட்கள் வெளிப்படும். கடற்கரையிலும் கொட்டாதீர்கள், அது நீரை விட அடர்த்தியானது என்பதால் கடற்புல் வளரும் அடித்தரையில் போய்ப் படியும். மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்வார்களா என்று சன்னல் விற்றவரிடமே கேளுங்கள்.