பனியாறு பார்க்க எந்தக் கப்பல்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அம்மாவை அலாஸ்காவுக்குக் கூட்டிப் போகிறோம். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாது. "பனிமலை உடைஞ்சு கடல்ல விழுறதை ஒரு தடவை பார்த்துடணும்" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை. இரண்டு கப்பல்கள் பார்த்து வைத்திருக்கிறோம், இரண்டும் 7 இரவுகள். ஒன்று சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்புகிறது. புத்தம் புதிய பெரிய கப்பல், விக்டோரியாவையும் சேர்த்து நான்கு ஊர்களில் நிற்கிறது, ஒரு காலை நேரம் மட்டும் எண்டிகாட் ஆர்ம் பனிப்பாறை. இன்னொன்று கனடாவின் வான்கூவரில் கிளம்பி அலாஸ்காவின் விட்டியரில் முடிகிறது. பழைய கப்பல், மூன்றே ஊர்கள், ஆனால் 'கிளேசியர் பே' வளைகுடாவும் ஹப்பர்ட் பனிப்பாறையும் உண்டு. அங்கிருந்து திரும்பும் விமானச் செலவு கூடுதல். என் கணவர் முதல் கப்பல் என்கிறார். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. பால்கனி அறை எடுத்தே ஆக வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கப்பலில் போங்கள். உங்கள் கடிதத்தில் அம்மாவின் அந்த ஒரு வரியைப் படித்ததுமே எனக்கு முடிவாகிவிட்டது.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றி. பனிப்பாறை என்று எழுதியிருக்கிறீர்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். எனக்குப் பனியாறு என்ற சொல்தான் பிடிக்கும். அது பாறை மாதிரி ஓரிடத்தில் கிடப்பதில்லை. மலை உச்சியில் விழுந்த பனி தன் எடையாலேயே அழுந்தி இறுகி, பள்ளத்தாக்கு வழியே மெல்ல நகர்ந்து கடலுக்கு வருகிறது. முன்பக்கம் உடைந்து விழுவதும் அந்த ஓட்டத்தின் ஒரு பகுதிதான். எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அதன் முன்னால் எத்தனை மணி நேரம் இருக்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கப்பல் புதிதா, எத்தனை ஊர் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

என் முதல் அலாஸ்கா பயணம் உங்கள் முதல் கப்பலைப் போன்றதுதான். ஏழு நாளில் ஒரே ஒரு பனியாறு, அதுவும் ஒரு குறுகலான ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீண்டு போகும் கடல்) கடைசியில். காலை ஐந்து மணிக்கே எழுந்து மேல்தளத்தில் இடம்பிடித்து நின்றேன். வழியெங்கும் மிதக்கும் பனிக்கட்டிகள். போகப் போக அடர்த்தி கூடியது. கடைசி வளைவுக்கு முன்னால் கப்பல் நின்று, மெல்லத் திரும்பியது. பனியாறு அந்த வளைவுக்கு அப்பால் இருந்தது. கேப்டன் செய்தது முழுக்கச் சரி, அத்தனை பெரிய கப்பலை அந்தப் பனிக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆனால் பல மாதம் காசு சேர்த்துப் போன பயணத்தில் இருந்தது அந்த ஒரே ஒரு வாய்ப்பு. அன்று பகல் முழுக்க நான் யாருடனும் பேசவில்லை.

எண்டிகாட் ஆர்ம் அழகில்லாத இடம் என்று சொல்லவில்லை. இரு பக்கமும் செங்குத்தான கருங்கல் மலை, அருவிகள், கோடியில் டாஸ் பனியாறு. எல்லாம் கூடி வந்தால் அற்புதம்தான். ஆனால் குறுகல். பெரிய கப்பல்கள் பல நேரம் தள்ளியே நின்றுவிடும். நெருங்கிப் பார்க்க வேண்டுமென்றால் சிறு படகுக்கு மாற வேண்டியிருக்கும், அதற்குத் தனிக் கட்டணம். ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகுக்கு உங்கள் அம்மா இறங்க வேண்டும். 2025 ஆகஸ்டில் பக்கத்து ஃபியோர்டான டிரேசி ஆர்மில் பெரிய மலைச்சரிவு ஏற்பட்டுப் பேரலை எழுந்தது. அதன்பின் அங்கே போய்க்கொண்டிருந்த பல நிறுவனங்கள் எண்டிகாட் பக்கம் மாறியிருக்கின்றன.

கிளேசியர் பே வேறு மாதிரி. அது தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய குரூஸ் கப்பல்களுக்குத்தான் அனுமதி. உள்ளே நுழைந்து வெளியேற ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். அன்று ஊர் கிடையாது, இறங்குவது கிடையாது. நடக்க முடியாதவருக்கு இதைவிட நல்ல நாள் கப்பலில் அமையாது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், காட்சி தானாக வரும்.

காலையில் ஒரு சிறு படகு வந்து ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். பூங்காவின் ரேஞ்சர்கள் அதிலிருந்து தொங்கும் ஏணி வழியாகக் கப்பலுக்கு ஏறி வருவார்கள். அம்மாவை அதைப் பார்க்க வையுங்கள். பிறகு நாள் முழுக்க ஒலிபெருக்கியில் அவர்கள் குரல்தான். எந்தப் பாறையில் மலையாடு நிற்கிறது, எந்தப் பக்கம் நீர்நாய் மல்லாந்து மிதக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவார்கள்.

அவர்கள் சொன்னதில் எனக்கு மறக்காதது இது. 1794-இல் ஆங்கிலேயக் கடற்பயணி ஜார்ஜ் வான்கூவரின் குழு அந்தப் பக்கம் வந்தபோது இந்த வளைகுடாவே இல்லை. நுழைவாயிலிலேயே பனிச்சுவர். 1916-க்குள் அது சுமார் 100 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. நாம் காலையிலிருந்து மதியம் வரை கப்பலில் கடக்கும் தண்ணீர் முழுக்க அன்று பனி. அதற்கும் முன்னால் அங்கே ஹூனா டிலிங்கிட் என்ற பூர்வகுடி மக்களின் ஊர்கள் இருந்தன. முன்னேறி வந்த பனி அவர்களை வெளியேற்றியது. அவர்களுக்கு அது இன்றும் சொந்த மண். சில பயணங்களில் அவர்களில் ஒருவரும் கப்பலில் ஏறி வந்து பேசுவார். பனி உடையும் சத்தத்துக்கு டிலிங்கிட் மொழியில் 'வெள்ளை இடி' என்று பெயராம்.

கோடியில் இரண்டு பனியாறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கிராண்ட் பசிபிக் என்பது மண்ணும் கல்லும் மூடி, கறுத்துப்போய், வெறும் மண்மேடு மாதிரி தெரியும். யாரும் அதன் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை. ஆனால் அந்த வளைகுடா முழுவதையும் நிரப்பியிருந்த பனி அதுதான். பக்கத்தில் மார்ஜரி. 34 கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் அகலம், தண்ணீருக்கு மேலே சுமார் 75 மீட்டர் உயரம். நெடுக்கு வெடிப்புகளுக்குள் நீலம். இறுகிய பனி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நமக்கு நீலம்தான் மிஞ்சுகிறது.

நான் நின்ற அன்று முதல் நாற்பது நிமிடம் எதுவும் நடக்கவில்லை. நிறையப் பேர் காபி குடிக்க உள்ளே போய்விட்டார்கள். அப்புறம் ஓரத்தில் ஒரு தூண் சத்தமே இல்லாமல் சரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணுமளவுக்கு இடைவெளி, அதன் பிறகுதான் இடி வந்தது. ஒலி நம்மை வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிறது. விழுவதைத் தவறவிட்டவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அலை மட்டும்தான் இருந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லி வையுங்கள்: சத்தம் கேட்டுத் திரும்பினால் தாமதம், கண் பனியிலேயே இருக்கட்டும்.

ஹப்பர்ட் இன்னும் பெரியது. 122 கிலோமீட்டர் நீளம், முகப்பு மட்டும் பத்து கிலோமீட்டர். உலகில் பெரும்பாலானவை பின்வாங்கும்போது இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986-லும் 2002-லும் ரஸ்ஸல் ஃபியோர்டின் வாயையே அடைத்து அதை ஏரியாக்கியது. அங்கேயும் மிதக்கும் பனியைப் பொறுத்துத்தான் கப்பல் நெருங்கும். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு அங்கே நேரலாம். ஆனால் உங்களுக்கு இரண்டு நாட்கள் இருக்கின்றன.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கிளம்பின இடத்துக்கே திரும்புவது வயதானவருக்கு வசதி. ஆனால் இதையும் அவரிடம் சொல்லுங்கள். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளியே திறந்த கடலில் போகும், அங்கே ஆட்டம் இருக்கும். வான்கூவரில் கிளம்புவது தீவுகளுக்கு உள்ளே அமைதியான தண்ணீரில் போகும். அதுவும் கடைசியில் அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும்போது ஆடும். எந்தக் கப்பலானாலும் குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விக்டோரியாவும் கனடாதான், ஆக இரண்டு வழியிலும் கனடாவைத் தொடுகிறீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டுகளுக்கு என்ன விசா வேண்டும் என்பதை முன்பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

விட்டியரிலிருந்து ஆங்கரேஜ் விமான நிலையத்துக்குச் சாலையில் போக, மலைக்குள் 4 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்றைக் கடக்க வேண்டும். ஒரே பாதை, ரயிலும் அதில்தான், கார்கள் முறை வைத்து ஒரு திசையாகத்தான் விடுவார்கள். அன்று மாலைக்கு மேல் விமானம் எடுங்கள்.

பால்கனி பற்றி. மார்ஜரி முன்னால் கப்பல் மெல்லச் சுற்றும், இரு பக்கத்து அறைகளுக்கும் காட்சி கிடைக்கும். அதனால் எந்தப் பக்கம் என்ற கவலை வேண்டாம். நடக்கக் கூடியவராக இருந்தால் பால்கனியே வேண்டாம், மேல்தளத்துக்குப் போங்கள் என்பேன். அம்மாவுக்காக எடுங்கள். போர்வையோடு உட்காரவும், குளிர்ந்தால் இரண்டடி நடந்து உள்ளே வரவும் அது வேண்டும். காசு இடித்தால் ஊர்களில் விற்கும் சுற்றுலாக்களை விட்டுவிடுங்கள், அவற்றில் பலவும் நடை அதிகம். பதிவு செய்யும்போது பயணத் திட்டத்தில் 'கிளேசியர் பே' என்று பெயர் போட்டே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே பனியாற்றுக் காட்சி என்றிருந்தால் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வழியை மாற்றும் உரிமையை நிறுவனங்கள் தங்கள் கையில் வைத்திருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அம்மாவுக்குக் காதை மூடும் கம்பளிக் குல்லா, கையுறை, இரண்டு ஜோடி காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். கோடைதான் என்றாலும் பனியின் மேலிருந்து வரும் காற்று எலும்பைத் தொடும். மார்ஜரி முன்னால் கப்பல் நின்றதும் மட்டும், ஐந்து நிமிடம் அந்தக் குல்லாவைக் காதுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். சுற்றிலும் மிதக்கும் சின்னத் துண்டுகள் உருகும்போது, உள்ளே அடைபட்டிருந்த பழங்காலத்துக் காற்றுக்குமிழிகள் ஒவ்வொன்றாக வெடிக்கும். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி தண்ணீர் முழுக்கக் கேட்கும்.