வரிசை மாறாது, வயது மாறும்: வளரிளம் பருவம் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றி எழுதுமாறு மும்பை வாசகர்களைக் கேட்டிருந்தோம். உலக சுகாதார நிறுவனம் ‘வளரிளம் பருவம்’ என்று வரையறுப்பது இந்தப் பத்தாண்டைத்தான். வந்த கடிதங்களில் ஐந்துக்கு, செம்பூரில் குழந்தை நல மருத்துவராகப் பணிபுரியும் எங்கள் பத்தியாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது 2 மாதம். உயரம் 148 செ.மீ. வகுப்பில் எல்லோருக்கும் அரும்பு மீசை வந்துவிட்டது. இவனுக்குக் குரல்கூட மாறவில்லை. போன மாதம் மதுரையில் ஒரு கல்யாணத்தில் உறவினர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் ‘ஆறாம் வகுப்பா?’ என்று கேட்டதிலிருந்து வெளியே வரவே மறுக்கிறான். பாலில் கலந்து குடிக்கும் உயர மாவு மூன்று டப்பா தீர்ந்துவிட்டது. – ஒரு தாய், முலுண்ட்

பதில்: அம்மா, நான்காவது டப்பா வாங்காதீர்கள். சத்தான சாப்பாடு சாப்பிடும் பிள்ளையை எந்த மாவும் கூடுதலாக வளர்க்காது.

ஆண் பிள்ளைகளுக்குப் பருவமாற்றம் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். அதன் முதல் அறிகுறி மீசையும் அல்ல, குரலும் அல்ல, விரைகள் பெரிதாவதுதான். பிள்ளை அதைச் சொல்ல மாட்டான், பெற்றோர் பார்க்கவும் முடியாது. அதனால்தான் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று வீட்டில் நினைக்கும் பல பையன்களுக்கு மாற்றம் தொடங்கி ஓராண்டு ஆகியிருக்கும். இதை அளப்பதற்கு எங்களிடம் ஒரு மணிமாலை உண்டு. 1 மி.லி. முதல் 25 மி.லி. வரை கொள்ளளவுள்ள பன்னிரண்டு மணிகளை ஒரு சரட்டில் கோத்திருப்பார்கள். 4 மி.லி. மணியின் அளவு வந்துவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள். பெண் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்னதாகவே கிடுகிடுவென்று வளர்ந்துவிடுகிறார்கள். பையன்களின் வேகமான வளர்ச்சி பருவமாற்றத்தின் நடுப்பகுதியில்தான் வரும். அந்த ஓராண்டில் 9, 10 செ.மீ. கூட உயர்வார்கள்.

உங்கள் மகன் 14 வயதைக் கடந்துவிட்டதால், பதற்றப்படாமல், ஆனால் தள்ளிப்போடாமல் ஒரு குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிப்பார்கள். எலும்பு வயது 12 என்று வந்தால், அவனுக்கு வளர இன்னும் நிறையக் காலம் மிச்சமிருக்கிறது. மருத்துவரிடம் போகும் முன், உங்கள் கணவர் எந்த வகுப்பில் திடீரென உயர்ந்தார், உங்களுக்கு எந்த வயதில் பூப்பு வந்தது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்; தாமதமான பருவம் பெரும்பாலும் குடும்பத்தில் ஓடிவருவது. தாய், தகப்பன் உயரத்தைக் கூட்டி, மகனானால் 13 செ.மீ. சேர்த்து, மகளானால் 13 செ.மீ. கழித்து, இரண்டால் வகுத்தால், பிள்ளை முழுதாக வளர்ந்தபின் எட்டும் தோராயமான உயரம் கிடைக்கும். தகப்பன் 168, தாய் 154 என்றால் மகனுக்கு 167.5, அதற்கு மேலும் கீழும் எட்டு செ.மீ. வரை இயல்பே.

இவ்வளவையும் உங்கள் மகனுக்கும் நேராகச் சொல்லிவிடுங்கள். அந்தக் கல்யாண வீட்டில் அவன் தலைகுனிந்ததற்கு உயரம் காரணமல்ல, தனக்கு என்ன நடக்கிறது என்று யாரும் அவனிடம் சொல்லாததே காரணம்.

கேள்வி: மகளுக்குப் பத்து வயது நான்கு மாதம். இடது மார்பில் மட்டும் சிறு கட்டி, தொட்டால் வலிக்கிறது என்கிறாள். கட்டி என்றதும் எனக்குப் பயம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா ‘சீக்கிரம் பெரிய மனுஷி ஆகப்போகிறாள், முட்டையையும் கோழியையும் நிறுத்து’ என்கிறார். – ஒரு தகப்பனார், தாராவி

பதில்: அது மார்பு அரும்புவது. ஒரு பக்கம் முதலில் வருவதும், தொட்டால் வலிப்பதும், சில மாதங்கள் கழித்து மறுபக்கம் வருவதும் மிகச் சாதாரணம். 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் இது தொடங்குவது இயல்பு. 8 வயதுக்கு முன்பே தென்பட்டாலும், 13 முடிந்தும் தென்படாவிட்டாலும்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் டானர் என்ற மருத்துவர் பல பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1969-இலும் 1970-இலும் பருவமாற்றத்தின் ஐந்து படிநிலைகளை வகுத்துக் கொடுத்தார்; இன்றும் நாங்கள் பயன்படுத்துவது அதைத்தான். தொடங்கும் வயது பிள்ளைக்குப் பிள்ளை மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது. மார்பு அரும்பிய பின் இரண்டு, இரண்டரை ஆண்டுகளில்தான் மாதவிலக்கு தொடங்கும். ஆகவே உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி: அது வரத்தான் போகிறது, ஆனால் நாளைக்கே அல்ல. பூப்புக்குப் பிறகும் பெண்கள் சராசரியாக 5 முதல் 7 செ.மீ. வரை வளர்வார்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

முட்டையை நிறுத்தாதீர்கள், நான் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. எலும்பும் தசையும் ரத்தமும் ஒருங்கே பெருகும் காலத்தில் தட்டிலிருந்து முட்டையை எடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை வயிற்றைப் பிரட்டுகிறது என்று துப்பிவிடாமல், சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கச் சொல்லுங்கள். சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கம் மும்பை வீடுகளில் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. தேயிலை இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கீரைக்கு மேல் அரை எலுமிச்சம்பழம் பிழிவது இதற்கு நேர்மாறாக உதவும்.

இன்னொன்று. மாதவிலக்கு என்றால் என்ன என்பதை அவளுக்கு இந்த ஆண்டே உங்கள் மனைவி சொல்லட்டும். நாப்கின் இரண்டும் மாற்று உள்ளாடை ஒன்றும் போட்ட ஒரு சிறு துணிப்பையைப் பள்ளிப் பையின் அடியில் வைத்துக் கொடுக்கட்டும். பள்ளிக் கழிவறையில் ரத்தத்தைப் பார்த்து, தனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த அழுகை முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

கேள்வி: எனக்கு 14 வயது. இரண்டு முலைக்காம்புக்கும் அடியில் வட்டமாகக் கட்டி இருக்கிறது. ஃபுட்பால் ஆடிவிட்டுச் சட்டை மாற்ற வெட்கமாக இருக்கிறது. மாட்டுங்காவில் பாட்டு கற்கிறேன், குரலும் பிசிறடிக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. – ஒரு மாணவன், சயான்

பதில்: தம்பி, எழுதிக் கேட்டது நல்ல காரியம். பருவமாற்றத்தின்போது ஆண் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் சிறிது சுரக்கும். அதனால் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு இப்படிக் கட்டி வருகிறது. உன் அணியில் பதினொரு பேர் என்றால், சட்டை மாற்றத் தயங்குகிறவன் நீ ஒருவன் மட்டுமாக இருக்க முடியாது. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். அமுக்கிப் பார்க்காதே. நீர் கசிந்தாலோ, பெரிதாகிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்டு. ஜிம்மில் யாராவது பொடியோ ஊசியோ கொடுத்தால் தொடாதே.

குரல் பிசிறடிப்பதைத்தான் நம் பெரியவர்கள் மகரக்கட்டு உடைவது என்பார்கள். குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அவற்றின் புதிய நீளத்துக்கு மூளை பழகும்வரை சுருதி நழுவும். ஐந்து கட்டையில் பாடி வந்த பையன், உடைந்து முடிந்தபின் ஒன்று, இரண்டு கட்டைக்கு இறங்குவது வழக்கம். உன் ஆசிரியரிடம் சொல். சில மாதங்கள் வரை உச்ச ஸ்தாயியில் முட்டிக்கொண்டு கத்த வேண்டாம், பாட்டை விட்டுவிடவும் வேண்டாம்.

கேள்வி: பேரனுக்கு 16. டோம்பிவிலியிலிருந்து ஜூனியர் காலேஜுக்கு (11, 12-ஆம் வகுப்பு) போக ஆறு மணிக்கு லோக்கல் ரயில் பிடிக்க வேண்டும். ஐந்து மணிக்கு எழுப்பினால் எழுவதில்லை. இரவு பன்னிரண்டு வரை விழித்திருக்கிறான். ‘சோம்பேறி’ என்று என் மகன் தினமும் கத்துகிறான். – ஒரு பாட்டி

பதில்: பாட்டி, உங்கள் மகனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். இந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற ஹார்மோன் சிறு பிள்ளைகளைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. அவன் ஒன்பது மணிக்குப் படுத்தாலும் உடல் தூங்க இசையாது. ஆனால் தேவையான தூக்கம் குறையவில்லை: 13 முதல் 18 வயது வரை நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம். பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம்தான். வாரத்தில் ஆறு நாளில் பதினெட்டு மணி நேரக் கடன். அது சோம்பல் அல்ல, பற்றாக்குறை.

படித்தது நினைவில் பதிவதும், வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல், பதின்பருவத்தினரின் வகுப்புகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில், நான்காம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒன்பது மணிக்கு முன் வகுப்பு வைக்கக் கூடாது என்று ஆணையிட்டது. நல்ல ஆணைதான். ஆனால் உடலியல்படி காலைத் தூக்கம் அதிகம் தேவைப்படும் பதினாறு வயதுக்காரர்களை அது தொடவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கல்லூரி நேரத்தை நாம் மாற்ற முடியாது, மற்றதை மாற்றலாம். போன் சார்ஜர் கூடத்தில் இருக்கட்டும், பத்தரைக்குப் போன் அங்கே போய்விடட்டும்; இந்த விதி அப்பாவுக்கும் சேர்த்து. மாலை நான்குக்குப் பின் காபி வேண்டாம். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் படவிடுங்கள். கல்லூரியிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் தூங்கட்டும், யாரும் எழுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அதிகம் தூங்குவது சரி. மதியம் வரை தூங்கினால் திங்கட்கிழமை இன்னும் கடினமாகும்.

கேள்வி: 15 வயது மகன். நன்றாகப் படிக்கிறான், வீட்டுக் கணக்கைக்கூட அவனிடம் கலந்து பேசுவோம், அவ்வளவு பொறுப்பு. அவன் குர்லா – செம்பூர் லோக்கலில் நண்பர்களோடு வாசலில் தொங்கிக்கொண்டு, தலையை வெளியே நீட்டி வீடியோ எடுத்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் காட்டினார். கேட்டால், தவறு என்று அவனே சொல்கிறான். தெரிந்தும் ஏன் செய்கிறான்? – ஒரு தாய், செம்பூர்

பதில்: உங்கள் மகன் உங்களிடம் நடிக்கவில்லை. வீட்டில் கணக்குப் பேசுகிறவனும் ரயில் வாசலில் தொங்குகிறவனும் ஒரே பையன்தான்.

மனித மூளையின் பருமன் ஆறு வயதிலேயே பெரியவர்களின் அளவில் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஆகவே வளர்வது முடிந்தது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1979-இல் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற நரம்பியலாளர், இறந்தவர்களின் மூளைத் துணுக்குகளில் நரம்பிணைப்புகளை எண்ணிப் பார்த்து, குழந்தைப் பருவத்தில் மிகையாக உண்டாகும் இணைப்புகள் பின்னர் பெருமளவில் கழிக்கப்படுகின்றன என்று கண்டார். 1999-இல் ஜே கீட் என்பவரும் அவரது சகாக்களும் ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் எம்.ஆர்.ஐ. எடுத்து, இந்த மாற்றம் பதின்பருவத்திலும் தொடர்வதைக் காட்டினார்கள். நாற்றுகளை நெருக்கமாக முளைக்கவிட்டு, பிறகு களைந்து இடைவெளி விடுவோமே, அதைப் போன்றது: பயன்படும் இணைப்பு நிற்கும், பயன்படாதது போகும். நிற்கும் நரம்புகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை படிந்து, செய்தி பல மடங்கு வேகமாக ஓடும். இந்த வேலை மூளையின் பின்புறத்திலிருந்து முன்னோக்கி நகர்கிறது. கடைசியாக முடிவது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி. திட்டமிடுவதும், விளைவை எடைபோடுவதும், கையை இழுத்துப் பிடிப்பதும் அதன் பணி. அது முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. ஆனால் கிளர்ச்சியையும் பாராட்டையும் தேடும் உட்பகுதிகளோ பருவ ஹார்மோன்களோடு சேர்ந்து முன்கூட்டியே விழித்துக்கொள்கின்றன.

அப்படியானால் பதினைந்து வயதில் யோசிக்கவே முடியாதா என்றால், அதுவும் தவறு. நிதானமாக, தனியாக, நேரம் கொடுத்துக் கேட்டால் பதினாறு வயதுப் பிள்ளை பெரியவர் அளவுக்கே தர்க்கம் செய்கிறது. சூடான கணத்தில்தான் அது நழுவுகிறது. 2005-இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள்: மஞ்சள் விளக்கு எரிந்த பின் எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்பதே கேள்வி. நண்பர்கள் உடனிருந்தபோது பதின்பருவத்தினர் தனியாக இருந்ததைவிட மிக அதிகமாகத் துணிந்தார்கள். வயதுவந்தவர்களிடம் ஏறக்குறைய எந்த வேறுபாடும் இல்லை. உங்கள் மகனின் ரயில் பெட்டியில் நடப்பது இதுதான். அவனுக்கு ஆபத்து தெரியும். நான்கு நண்பர்களும் ஒரு கேமராவும் பக்கத்தில் இருக்கும்போது அந்த அறிவு பின்னால் போய்விடுகிறது.

ஆகவே ஆபத்தைப் பற்றிய அறிவுரையைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் பயன் குறைவு. அவனே உங்களைவிட நன்றாகச் சொல்லுவான். சூழலை மாற்றுங்கள். அவன் தனியாக, சாப்பிட்டு முடித்து நிதானமாக இருக்கும் நேரத்தில், எந்தப் பெட்டியில் ஏறுவது, கூட்டமாக இருந்தால் அடுத்த வண்டிக்கு நிற்பது, தாமதமானால் வீட்டில் கேள்வி கேட்க மாட்டோம் என்பதை எல்லாம் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். தாமதத்துக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் ஓடும் வண்டியில் ஏறுகிறார்கள். நண்பர்கள் கூப்பிடும்போது சொல்வதற்கு ஒரு வாக்கியத்தையும் அவனே தேர்ந்தெடுக்கட்டும்: ‘வீடியோ அம்மாவிடம் போய்விட்டது, பாஸைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்றால் அவன் மானமும் போகாது. பழியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இது ரயில் வாசலோடு நில்லாமல், தூக்கமும் பசியும் குறைந்து, நண்பர்களையும் விட்டு ஒதுங்கி, வாழவே பிடிக்கவில்லை என்பது போன்ற பேச்சு எப்போதாவது வந்தால், அதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

அந்த வீடியோவில் இருக்கும் மற்ற நான்கு பையன்களின் அம்மாக்களுக்கும் நீங்களே போன் செய்யுங்கள், குறை சொல்வதற்காக அல்ல. ஐந்து வீடுகளும் ஒரே வார்த்தை சொன்னால்தான் ஐந்து பையன்களும் ஒரே நாளில் வாசலை விட்டு உள்ளே வருவார்கள்.